பாக்னரின் குற்றக் கதைகள்: துப்பறிவோன் தோற்குமிடம்

அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் பாக்னர் 1949-ஆம் ஆண்டில் ‘நைட்ஸ் கேம்பிட்’ என்னும் குற்றக் கதைத் தொகுதியை வெளியிட்டார். ‘ஓசையும் சீற்றமும்’ (1929), ‘அப்சலோம், அப்சலோம்!’ (1936) முதலிய நாவல்களால் அவர் முன்னரே நிலைபெற்றிருந்தார். 1949-ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசும் மறு ஆண்டில் அவருக்கு வழங்கப்பெற்றது. இத்தொகுதியின் ஆறு கதைகளையும் பொருள்வரவு கருதி எழுதிய சிறுபணி எனத் தள்ளுவார் பலர். இவற்றுள் ஐந்து, தொகுதியாவதற்கு முன் இதழ்களில் வெளிவந்தவை. இரண்டை ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ என்னும் வார இதழ் வெளியிட்டது. ஒன்று எல்லரி குவீன் துப்பறியும் இதழின் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்று 1946-இல் அச்சேறியது. ஆசிரியர்க்குப் பணமுடை இருந்தது மெய்யே. ஆயினும் ஒரு நூல் எழுந்த காரணம் வேறு. அதன் தகுதி வேறு. முன்னதைக் கொண்டு பின்னதை அளத்தல் திறனாய்வாகாது.

ஆறு கதைகளுக்கும் தலைமகன் ஒருவனே. மிசிசிப்பி மாநிலத்தில் பாக்னர் கற்பனையாற் படைத்துக்கொண்ட யோக்னபடாபா வட்டத்தின் அரசு வழக்கறிஞன் கேவின் ஸ்டீவன்ஸ் என்பான். ஹார்வர்டிலும் ஹைடல்பர்க்கிலும் பயின்றவன். ஓய்வுப் பொழுதில் விவிலியப் பழைய ஏற்பாட்டைத் தொன்மைக் கிரேக்கத்திற்கு மீளப் பெயர்ப்பவன். நூலோடு உறவாடும் நம்மனோர்க்கு இப்பாத்திரத்தின்மீது பரிவு தோன்றுதல் இயல்பு. அப்பரிவைச் சற்றே விலக்கி வைத்துக் கதைகளை ஒருங்கு நோக்கின் ஒன்று புலனாகும். ஸ்டீவன்ஸ் வெற்றி பெறும் கதைகளிற் பாக்னர் தளர்கின்றார். அவன் அறிவு பயனின்றி நிற்கும் கதைகளிலேயே அவர் ஓங்குகின்றார் என்பது எம் துணிபு.

‘புகை’ முதற்கதை. நீதிபதி ஒருவர் தம் அறையிலேயே சுட்டுக் கொல்லப்படுகின்றார். கொலையாளியின் சிகரெட்டுப் புகை அவ்வறையிலிருந்த உலோகப் பேழைக்குள் அடைபட்டுள்ளது என்று ஸ்டீவன்ஸ் கூறி, அதனைத் திறக்கின்றான். கொலையை ஏவியவன் பாய்ந்து அப்புகையைக் கலைக்க முற்படுகின்றான். புகை அங்ஙனம் தங்கியிருத்தல் கூடுமா என அவன் எண்ணவில்லை. அவனது பதற்றமே சான்றாகின்றது. திறமையான கதைதான். எனினும் படித்து முடித்தபின் நம் உள்ளத்தில் நிற்பது பேழையேயன்றி மாந்தர் அல்லர். ஊரே ‘நாங்கள்’ என்று பேசுவதுபோல அமைந்த எடுத்துரைப்பு மட்டும் இதில் தனிச் சிறப்புடையது.

‘வேதியலில் ஒரு பிழை’ இதனினும் நயமுடையது. வித்தைக்காரன் ஒருவன் மனைவியையும் மாமனையும் கொன்று, மாமனின் வேடத்திலேயே அமர்ந்து நிலத்தை விற்க முற்படுகின்றான். அவனைக் காட்டிக் கொடுப்பது கைரேகை அன்று. மதுக் கலக்கும் முறை. சர்க்கரையை முதலில் நீரிற் கரைத்துப் பின்னரே விஸ்கி சேர்த்தல் அவ்வூரார் மரபு. அயலானாகிய அவனோ சர்க்கரையை நேரே விஸ்கியில் இடுகின்றான். வழக்கு என்னும் நம் சொல் மக்கள் பயிற்சியையும் மன்றத்து வாதத்தையும் ஒருங்கே குறிக்கும்; இக்கதையில் முன்னது பின்னதைத் தீர்க்கின்றது. ஊரோடு ஒன்றி வாழ்ந்தவனே ஊரின் குற்றத்தை அறிவான் என்பது பாக்னரின் கொள்கை. அக்கொள்கை இங்கே ஒரு சூழ்திறனளவில் நின்றுவிடுகின்றது.

‘மங்க்’ என்னும் கதையில் நிலை மாறுகின்றது. அறிவு வளராத மங்க், செய்யாத கொலைக்காகச் சிறை புகுந்தவன். சிறைத் தலைவனிடம் நாய்போல் அன்பு பூண்டவன். அவனே அத்தலைவனைக் கொன்று தூக்கிலேறுகின்றான். மற்றொரு கைதி அவன் பேதைமையைக் கருவியாக்கினான் என்பதை ஸ்டீவன்ஸ் பின்னரே அறிகின்றான். அறிந்து என் பயன்? மங்க் மாண்டுவிட்டான். வாக்குக் கருதி ஆளுநர் வழங்கும் பொது மன்னிப்பின்முன் ஸ்டீவன்ஸ் அறிந்த உண்மை செல்லாக்காசாகின்றது. ‘நீர்மேல் கை’ என்பதிலும் தண்டனை சட்டத்தின் வழி வருவதன்று. கொலையுண்ட மீனவன் எடுத்து வளர்த்த, செவியும் வாயும் இல்லாத இளைஞன் அதனை முடித்துவிடுகின்றான்.

தொகுதியின் முடிமணி ‘நாளை’ (1940). இதில் கொலையாளி யாரென்னும் வினாவே இல்லை. தன் மகளைக் கவர்ந்து செல்ல வந்த பக் தார்ப் என்னும் கயவனைச் சுட்டதாக உழவன் புக்ரைட் தானே ஒப்புக்கொள்கின்றான். அவனுக்காக வாதிடும் இளைஞன் ஸ்டீவன்ஸ். நடுவர் பதினொருவர் விடுதலைக்கு இசைகின்றனர். சாக்சன் பென்ட்ரி என்னும் ஏழை ஒருவன் மட்டும் இசைய மறுக்கின்றான். வழக்கு முடிவின்றிக் கலைகின்றது. இம்மறுப்புத்தான் இங்கே மறைபொருள். அதனைத் தேடிச் செல்லும் ஸ்டீவன்ஸுக்கு விடை தருவன தடயங்கள் அல்ல; அயலார் சொற்கள். அவர்தம் கூற்று ஒன்றோடொன்று இணையும்போது பழைய வாழ்வொன்று எழுகின்றது. மரமறுக்கும் ஆலையிற் பணி செய்த பென்ட்ரி, நிறைசூலியாய் வந்த ஆதரவற்ற ஒருத்தியை ஏற்று மணந்தான். அவள் மகவீன்று மாண்டாள். பிறன் மகவைத் தன் மகவாய் வளர்த்தான். அவள் உடன்பிறந்தார் வந்து சட்டத்தைக் காட்டிப் பறித்துச் சென்றனர். அச்சிறுவனே பின்னாளில் பக் தார்ப் ஆனான்.

இங்கே சட்டம் இருமுறை வருதலை நோக்குக. முதன்முறை சட்டம் குழந்தையைப் பறிக்கின்றது. பறிகொடுத்தவன் வாய் திறவான். இரண்டாம் முறை சட்டம் அவனையே நடுவனாக்கி வாய் திறக்கச் சொல்கின்றது. அவன் கூறுவது ஒரு மறுப்பு மட்டுமே, காரணத்தை அப்பொழுதும் கூறான். தானாயின் புக்ரைட்டை விடுவித்திருப்பேன் என்கின்றான் ஸ்டீவன்ஸின் தமக்கை மகன். இல்லை, நீயும் மாட்டாய் என மறுக்கின்றான் தாய்மாமன். தன் கட்சிக்காரனைக் காக்கவொட்டாது தடுத்தவனின் பக்கமே வழக்கறிஞன் நியாயத்தைக் காண்கின்றான். துப்பறியும் கதை தன் எல்லையைக் கடந்து நிற்கும் இடம் இஃதென்போம். 1972-இல் இக்கதை திரைப்படமானபோது ஆலைக்காட்சிகளே பெரும்பகுதியாயின. ஆசிரியர் நடுவர் வாக்கிலிருந்து பின்னோக்கி விடுத்த முடிச்சின் அழகு அதனாற் குறைந்தது.

இறுதியில் நிற்கும் நெடுங்கதையே தொகுதிக்குப் பெயர் தந்தது. தலைப்பு இரட்டுறமொழிதல்: சதுரங்கத்தில் ஆதாயம் கருதிக் காய் பலியிடுதலும், ஒரு வீரனின் சூழ்ச்சியும். நம் சதுரங்கத்தில் அக்காய் குதிரையாதலின் நமக்கு இன்னும் ஒரு நயம் கிட்டும்; அடங்காக் குதிரையொன்றே இங்குக் கொலைக் கருவி. ஸ்டீவன்ஸ் கொலையைத் தடுக்கின்றான். பழைய காதலியையும் மணக்கின்றான். எல்லாம் கைகூடுகின்றன, கதையோ பேச்சில் மூழ்கிச் சலிப்பூட்டுகின்றது.

பெரிய குறை ஒன்றுண்டு. இவ்வாறு கதைகளின் குற்றங்களில் கொன்றாரும் கொலையுண்டாரும் வெள்ளையரே. மிசிசிப்பி மன்றங்களில் நீதி பெரிதும் பிழைத்த இடம் கறுப்பின மக்கள்பால் என்பதைப் பாக்னர் அறியாதவர் அல்லர். இதற்கு ஓராண்டு முன்னர், 1948-இல், வெளிவந்த ‘இன்ட்ரூடர் இன் தி டஸ்ட்’ என்னும் நாவலில் கறுப்பின முதியவர் லூகாஸ் பீச்சம் கொலைப்பழி சுமக்கின்றார். விசாரியாமலே அவரைக் குற்றவாளி எனக் கொள்பவன் இதே ஸ்டீவன்ஸ். உண்மை காண இரவிற் சென்று புதைகுழியைத் தோண்டியவர்கள் அவன் மருகனும், அச்சிறுவனின் கறுப்பினத் தோழனும், முதுமையெய்திய பெண்மணி ஒருத்தியுமே.