கிருபாதாரபலியும் கழுவாயும்: தமிழ் விவிலியத்தில் ஒரு சொற்சிக்கல்

கிறித்தவ சமயத்தின் நடுவக் கருத்தாகிய பலிவழி மீட்பினைத் தமிழில் உரைக்க இரு சொற்கள் கையாளப்பட்டுள்ளன. 1871இல் வெளிவந்த ஹென்றி பவர் திருத்தக்குழுவின் விவிலியம் உரோமர் மடல் 3:25இல் 'கிருபாதாரபலி' என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'கழுவாய்' என்கிறது. இவற்றுள் மூலக்கருத்தோடு அணுக்கமானது எது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மூலக் கிரேக்கச் சொல் 'ஹிலாஸ்தேரியோன்'. எபிரேய மறையின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இச்சொல் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியைக் குறிக்கும். ஆண்டுக்கொருமுறை பாவநிவாரண நாளில் தலைமைக் குரு பலியின் இரத்தத்தைத் தெளித்த இடம் அது. பவர் பதிப்பு அம்மூடியைக் 'கிருபாசனம்' என்றே பெயர்த்திருத்தலின், 'கிருபை' என்னும் சொல்லால் ஈரிடங்களும் இணைகின்றன. எனினும் 'பலி' என்பது மூலச்சொல்லில் வெளிப்படையாக இல்லாத, மொழிபெயர்ப்பாளர் விரித்துரைத்த பொருளாகும்.

'கழுவாய்' பழந்தமிழ்ச் சொல். புறநானூற்றின் 34ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார், கொடிய தீவினைகளுக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றார்க்கோ உய்வில்லை என அறம் உரைக்கிறார். அம்மரபில் கழுவாய் தேடவேண்டியவன் தவறு செய்தவனே.

சிக்கல் இங்குதான் எழுகிறது. அலோர் காஜா போன்ற தோட்டப்புறச் சூழலில் முனீஸ்வரர்க்குக் கிடா வெட்டும் வழிபாட்டை அறிந்த வாசகர், பலியை நேர்த்திக்கடனாகவே உணர்வர். கடன்பட்டவன் மனிதன், செலுத்துபவனும் மனிதன். கிறித்தவக் கோட்பாட்டில் இத்திசை தலைகீழாகிறது. கடன் பெறவேண்டிய இறைவனே அதனைத் தீர்க்கிறான். 'மீட்பு' என்னும் சொல் இதனை எளிதில் உணர்த்தும். அடகு வைத்த நகையை மீட்போரும், 1910வரை மலாயாவில் நீடித்த ஒப்பந்தக்கூலி முறையில் பயணச்செலவையே கடனாகச் சுமந்தோரும் அறிந்த சொல் அது.

இந்நோக்கில், வடமொழிச் சேர்க்கையாயினும் 'கிருபாதாரபலி', கொடுப்பவன் இறைவன் என்பதைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. திருவிவிலியமோ அவ்வாறு ஏற்படுத்தியவர் கடவுளே எனத் தொடரமைப்பால் அக்குறையை நிரப்புகிறது. ஆகவே 'கழுவாய்' பிழையன்று. தொடரிலிருந்து பிரித்துக் கற்பிக்கும்போதே பொருள் மாறுபடும். சொல்லின் தூய்மை ஒன்றனையே மொழிபெயர்ப்பின் அளவுகோலாகக் கொள்ளல் பொருந்தாது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.