வண்டி நின்ற பிறகு

நான் வேலை பார்க்கும் மென்பொருளில் ஒரு லாரிக்கு ஐந்து நிலைகள்தான் உண்டு. கிளம்பியது, வழியில், வந்துசேர்ந்தது, இறக்கப்படுகிறது, முடிந்தது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவில் ஓடும் சரக்கு வண்டிகளைத் திரையில் புள்ளிகளாகப் பார்ப்பதுதான் பிழைப்பு. ஒருநாள் டிக்கெட் ஒன்று வந்தது. பல வண்டிகள் ‘இறக்கப்படுகிறது’ நிலையிலேயே மணிக்கணக்காக நிற்கின்றன, ரிப்போர்ட் அசிங்கமாகத் தெரிகிறது, சரிசெய்யவும். சரிசெய்தேன். ஆறு மணி நேரம் தாண்டினால் தானாகவே ‘முடிந்தது’ என்று மாற்றும்படி இருபது வரி எழுதினேன். டீம் லீட் ‘சூப்பர்’ என்றார்.

மூன்று வாரம் கழித்து அதே டிக்கெட்டின் அடியில் ஒரு குறிப்பு சேர்ந்திருந்தது. ஒரு டிரைவர் ட்ரெய்லருக்குள் பேலட் ஜாக்கை இழுக்கும்போது பாரம் சறுக்கி, பாதத்தைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் இருபது வரி அவர் வேலையை முடித்துவைத்திருக்கிறது. அடுத்த லோடு அவர் பெயரில் ஏறியிருக்கிறது. அவர் வரவில்லை என்று ஒரு கறுப்புப் புள்ளியும் விழுந்திருக்கிறது. எல்லாம் பச்சை நிறத்தில், ஒழுங்காக.

அந்த வாரக் கடைசியில் ஜூல்ஸ் தாஸ்ஸினின் ‘தீவ்ஸ் ஹைவே’ படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். 1949இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். முதல்முறை கல்லூரி ஹாஸ்டலில் பார்த்தபோது ஒரு நல்ல பழிவாங்கல் கதை என்று மட்டும் நினைத்திருந்தேன். இந்த முறை வேறு ஒன்று கண்ணில் பட்டது.

2

கதை எளிமையானது. போர் முடிந்து ஃப்ரெஸ்னோவுக்குத் திரும்பும் நிக், வீட்டில் எல்லோருக்கும் பரிசு வாங்கி வருகிறான். அப்பாவுக்குக் காலணி. கொடுத்த பிறகுதான் அப்பாவுக்குக் கால்கள் இல்லை என்பது தெரிகிறது. காய்கறி லோடு ஏற்றிப்போன அவரை சான் பிரான்சிஸ்கோ மண்டிக்காரன் ஃபிக்லியா ஏமாற்றியிருக்கிறான். திரும்பும் வழியில் விபத்து. நிக் ஒரு லாரியில் பங்குதாரராகச் சேர்ந்து, ஆப்பிள் ஏற்றிக்கொண்டு அதே மண்டிக்குப் போகிறான்.

திரைக்கதையும் மூல நாவலும் ஏ. ஐ. பெஸரிடீஸ் எழுதியவை. அவர் பெர்க்லியில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவர். அது படத்தில் தெரியும். ஜாக்கி எப்படிச் சறுக்கும், கழன்றுபோகும் நிலையில் இருக்கும் ஒரு மூட்டு இறக்கத்தில் என்ன செய்யும் என்பதெல்லாம் இந்தப் படத்தில் பின்னணி விவரங்கள் அல்ல, அவைதான் விதி. சாலையோரத்தில் டயர் மாற்றும்போது ஜாக்கி மணலில் புதைய, ஆப்பிள் பாரத்தோடு வண்டி நிக்கின் கழுத்தை அழுத்தும் காட்சி இன்றைக்கும் மூச்சை நிறுத்துகிறது. அங்கே வில்லன் கிடையாது. எடையும் தளர்ந்த மண்ணும் மட்டும்தான்.

லாரி ஓட்டிகளைப் பற்றி உலக சினிமாவில் நல்ல படங்கள் உண்டு. ராவுல் வால்ஷின் ‘தே டிரைவ் பை நைட்’ (1940) கூட பெஸரிடீஸின் இன்னொரு நாவலிலிருந்து வந்ததுதான். அதில் தூக்கக் கலக்கத்தில் வண்டி கவிழ்ந்து தம்பி கையை இழக்கிறான். க்ளூசோவின் ‘தி வேஜஸ் ஆஃப் ஃபியர்’ (1953) படத்தில் நைட்ரோகிளிசரின் லாரி சக டிரைவரின் காலின் மீதே ஏறுகிறது. எல்லாவற்றிலும் ஆபத்து சாலையில் இருக்கிறது. வண்டி ஓடும்வரை பயம், நின்றால் நிம்மதி. சினிமாவுக்கு இது வசதி. கேமராவுக்கு வேகம் பிடிக்கும், வளைவு பிடிக்கும், அறுந்துபோன பிரேக் ரொம்பவே பிடிக்கும்.

‘தீவ்ஸ் ஹைவே’ இந்த இலக்கணத்தைப் பாதி உடைக்கிறது. இங்கே உண்மையான ஆபத்து வண்டி நின்ற பிறகு தொடங்குகிறது. ஃபிக்லியா டயரைக் கிழித்து வண்டியைத் தன் கடை முன்னாலேயே நிற்க வைக்கிறான். தூக்கமில்லாமல் வந்த நிக்கை ரிகா என்ற பெண்ணின் அறைக்கு அனுப்பிவிட்டு, அவன் அங்கே இருக்கும் நேரத்தில் ஆப்பிளை இறக்கி விற்கவும் ஆரம்பித்துவிடுகிறான். இறக்கும் இடத்தில் சரக்கு யார் கையில் இருக்கிறதோ அவன் வைத்ததுதான் விலை. டிரைவர் எவ்வளவு தூரம் ஓட்டி வந்தான் என்பது அங்கே செல்லாக்காசு.

ஆனால் கவனியுங்கள். ஆப்பிள் இறங்குவதை நாம் அனேகமாகப் பார்ப்பதே இல்லை. நிக் அறையில் இருக்கிறான், கேமராவும் அங்கேதான் இருக்கிறது. பெட்டிகளைத் தூக்கியவர்களுக்கு முகம் இல்லை. ஒரு கட், அவ்வளவுதான், லோடு இறங்கிவிட்டது. ‘வந்துசேர்ந்தது’, அடுத்து ‘முடிந்தது’. நான் எழுதிய இருபது வரியும் அந்த எடிட்டிங்தான்.

3

அந்த கட்டுக்குள் என்ன இருக்கிறது?

அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒரு ட்ரெய்லரின் நீளம் பொதுவாக 53 அடி. வண்டியும் சரக்கும் சேர்ந்து 80,000 பவுண்டு வரை அனுமதி, அதாவது சுமார் 36 டன். ஓடும்போது இந்த எடையை இன்ஜின் தாங்குகிறது. நின்ற பிறகு அது மனிதர்களின் பொறுப்பு. வழியில் சரிந்து கதவில் சாய்ந்து நிற்கும் பெட்டிகள் கதவைத் திறந்ததும் ஆள்மேல் விழும். திறந்த தள வண்டியில் குழாய் இறக்கும்போது ஃபோர்க்லிஃப்ட் இந்தப் பக்கம் தள்ளினால், அந்தப் பக்கம் பெல்ட் அவிழ்த்துக்கொண்டிருப்பவர் மேல் உருளும். தார்ப்பாயை மடிக்க மேலே ஏறியவர் காற்றடித்தால் கீழே. இதெல்லாமாவது விபத்து என்று சொல்லிக்கொள்ளும் விபத்துகள்.

இன்னொரு வகைக்குத் தேதியே கிடையாது. முதுகு. தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 1991இல் திருத்திய ஒரு சூத்திரம் இருக்கிறது. எல்லாம் கச்சிதமாக அமைந்தால் ஒருவர் தூக்க உகந்த எடை 23 கிலோ. அதை ஆறு காரணிகளால் பெருக்க வேண்டும்: உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு தூரம் உயர்த்தி, எவ்வளவு திரும்பி, எத்தனை தடவை, பிடி எப்படி. ஒவ்வொரு காரணியும் அதிகபட்சம் ஒன்று. ஆகவே விடை குறையுமே தவிர ஒருபோதும் கூடாது. இன்ஜினியராக நான் வாசித்த மிக நேர்மையான சூத்திரங்களில் இது ஒன்று. உடம்புக்கு போனஸ் மதிப்பெண் கிடையாது என்கிறது.

பதினோரு மணி நேரம் ஒரே இருக்கையில் அதிர்ந்து வந்த முதுகு, இறங்கியதும் குனிந்து தூக்குகிறது. இந்தச் சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லை. 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான நெடுந்தூர வண்டிகளில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயம். வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். கிடங்கு வாசலில் காத்துக்கிடக்கும் நேரமும் பொதுவாக அந்த 14க்குள்தான் கரைகிறது. மைல் கணக்கில் சம்பளம் வாங்குபவர் என்ன செய்வார்? ‘நகருங்க, நானே இறக்குறேன்’ என்பார். இறக்க ஆள் தராமல் டிரைவரையோ வண்டிக்காரரையோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்த வேண்டியதே இல்லை. கடிகாரம் போதும். அந்தக் கடிகாரத்தின் ஒரு துண்டை எழுதித் தருகிறவர்களில் நானும் ஒருத்தன்.

4

என் மாமா நாமக்கல் பக்கம் இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். அவரிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

“ஓட்டறதுல என்ன கண்ணு இருக்குது. வண்டி நின்னதுக்கப்பறந்தான் பயமே. கயிறு அவுக்கறப்ப மேல இருந்து உழுந்தவன் எத்தன பேரு.”

“உங்களுக்கு அந்தத் தோள்பட்ட வலி அதுலதானுங்களா மாமா?”

“அது எப்ப வந்துச்சுன்னு யாரு கண்டா. ஒருநா காலைல கையத் தூக்க முடில.”

நம்மூரில் பாரம் இறக்குவது பெரும்பாலும் லோடுமேன்களின் வேலை. டிரைவர் கயிறும் தார்ப்பாயும் அவிழ்த்தால் போதும். ஆனாலும் அந்தக் கடைசி வரி கடல் தாண்டியும் செல்லுபடியாகும். தேதியில்லாத காயத்தைக் கதையாக்க முடியாது. கதைக்கு ஒரு கணம் வேண்டும். சரியும் ஜாக்கி வேண்டும். ஒருநாள் காலையில் தூக்க முடியாமல் போன கையை எந்த ஷாட்டில் காட்டுவது?

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. சுமப்பதையே படமாக எடுத்தார். மலையேறும் கால்களோடு கேமராவும் ஏறுகிறது, அவசரப்படவில்லை. அதனால்தான் ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறும்போது நமக்கு வயிறு கலங்குகிறது. அந்த எடையை நாமும் கொஞ்ச நேரம் சுமந்திருக்கிறோம். தாஸ்ஸின் படத்திலும் இதற்கு இணையான காட்சி உண்டு. பிரேக் போன எட்டின் லாரி சாலையை விட்டு இறங்கி எரிகிறது, ஆப்பிள்கள் சரிவில் உருள்கின்றன. அபாரமான பிம்பம். ஆனால் அங்கே மனம் பதறுவது எட்டுக்காக மட்டும்தான். ஆப்பிள்களின் எடை நமக்குத் தெரியாது, யார் தூக்கினார்கள் என்று தங்கிப் பார்க்கவில்லை.

5

தாஸ்ஸினுக்காக நானே வாதாடவும் செய்வேன். அந்த கட் ஒருவேளை தெரிந்தே செய்ததுதான். நிக் இல்லாதபோது லோடு இறங்குவதுதான் திருட்டு. ஆகவே நாமும் அங்கே இருக்கக் கூடாது. படிவத்துக்கும் பொருளுக்கும் இதைவிட நல்ல பொருத்தம் கிடையாது. சந்தையைப் பற்றிய படமாக இது கிட்டத்தட்டக் குறையில்லாதது. உடம்பைப் பற்றிய படமாகப் பாதி தூரம்தான் வந்தது. காலில்லாத அப்பாவின் முன்னால் காலணியை வைக்கத் தெரிந்த படம், பெட்டி தூக்கும் முதுகுகளின் அருகே பத்து வினாடி நிற்கவில்லை. நிக்குக்கு ஃபிக்லியா என்றொரு முகம் கிடைத்தது, அடிப்பதற்கு. நசுங்கிய பாதத்துக்கு அப்படி ஒரு முகம் கிடைக்காது. கிடைத்தால் அது என் முகம் மாதிரியும் கொஞ்சம் இருக்கும்.

அந்த இருபது வரியை எடுத்துவிடலாம் என்று மீட்டிங்கில் சொன்னேன். ஆறு மணி நேரம் தாண்டினால் மூடுவதற்குப் பதிலாக டிரைவருக்கு ஒரு போன் போகட்டும் என்றேன். “நல்ல ஐடியா, ஆனா நம்ம ஸ்கோப்ல இல்லையே” என்றார்கள். அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். நானும் வேலையை விடவில்லை, ஈஎம்ஐ ஓடுகிறது. இப்போதைக்கு நாள்தோறும் காலையில் அந்த நிலையில் அதிக நேரம் நிற்கும் வண்டிகளை நானே வடிகட்டி எடுத்து, அங்கிருக்கும் டிஸ்பாட்ச் ஆட்களுக்கு மெயில் போடுகிறேன். நேற்று நான்கு. ஒன்றுக்குப் பதில் வந்தது: ஆள் நலம், கிடங்கில் வரிசை நீளம்.

படத்தைப் பாருங்கள். மண்டிக் காட்சிகளில் நிக்கை விட்டுவிட்டு, சட்டகத்தின் ஓரங்களில் பெட்டி சுமந்து நடப்பவர்களைக் கவனியுங்கள். சான் பிரான்சிஸ்கோ மண்டியிலேயே எடுத்த காட்சிகள் அவை. கேமரா அவர்களைத் தேடிப் போகவில்லைதான். ஆனாலும் அவர்கள் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.