கனடா எஞ்சினும் பொன்மலை ஆல்கோவும்

இலங்கை ரயில்வேயின் எம்-2 வகை டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்கு ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா, கியூபெக், மனிடோபா என்று கனடா மாகாணங்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். 1954-இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த முதல் சில எஞ்சின்களோடு தொடங்கிய வழக்கம் அது. ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் செய்தவை. 1956-இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலத்தில் வடக்குப் பாதையில் யாழ்ப்பாணத்தார் பார்த்துப் பழகிய எஞ்சின் இதுதான். அந்தக் கூட்டத்தில் சில இன்றும் வேலை செய்கின்றன. எழுபது வயதைத் தாண்டிய எஞ்சினுக்குப் பின்னால் பயணிகள் பெட்டியைக் கோத்து அனுப்புகிறார்கள்.

பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கமும் அதே ஐந்தரை அடி அகலப்பாதைதான். டீசல் இங்கும் ஐம்பதுகளில்தான் பெரிய அளவில் நுழைந்தது. ஆனால் அந்தத் தலைமுறை எஞ்சின் ஒன்றுகூட இந்தியாவில் அன்றாட வேலையில் இல்லை. இலங்கை ஏழை நாடு, புதிது வாங்க வழியில்லாமல் பழையதை ஓட்டுகிறது என்று இதற்குச் சுலபமாகக் காரணம் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது.

எம்-2-இன் உள்ளே இருப்பது 567 என்ற டீசல் எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவும் 567 கன அங்குலம் என்பதால் வந்த பெயர். 1938-இல் அமெரிக்காவில் அறிமுகமானது. பன்னிரண்டு சிலிண்டர், வி வடிவம், டூ ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக் என்றதும் ஆர்.எக்ஸ். 100 பைக்கின் நினைப்பு வரும். அதில் பெட்ரோலோடு ஆயில் கலந்து எரியும். காற்றை உள்ளே தள்ளும் வேலையைக் கிராங்க் அறையே பார்த்துக்கொள்ளும். 567-இன் வழி வேறு. சிலிண்டர் லைனரின் இடுப்பைச் சுற்றி வரிசையாகத் துளைகள். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தத் துளைகள் திறந்துகொள்ளும். எஞ்சினே சுழற்றும் ரூட்ஸ் புளோயர் அவற்றின் வழியே காற்றை அடித்துத் தள்ளும். அதற்குச் சற்று முன்பே தலைப்பகுதியில் நான்கு வால்வுகள் திறந்திருக்கும். நான்குமே புகை வெளியேறுவதற்கானவை; காற்று நுழைய என்று ஒரு வால்வுகூடக் கிடையாது. கீழிருந்து புகும் காற்று எரிந்த புகையை மேலே தள்ளி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். பிஸ்டன் மேலே ஏறும், காற்று அழுந்திச் சூடாகும், டீசல் பீய்ச்சும். கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 835 சுற்றுக்கு மேல் போகாத நிதானமான எஞ்சின் இவ்வளவு இழுப்பது அதனால்தான்.

மெக்கானிக்கின் கண்ணுக்கு அந்தத் துளைகளில் இன்னொரு பயனும் உண்டு. எஞ்சினின் பக்கவாட்டில் கையளவு மூடிகள் இருக்கும். ஒன்றைக் கழற்றி டார்ச் அடித்து, கிராங்கை மெல்லத் திருப்பினால், லைனர் துளை வழியே பிஸ்டனும் அதன் ரிங்குகளும் ஒவ்வொன்றாகக் கடந்துபோவது தெரியும். ரிங் ஒடிந்திருக்கிறதா, பிஸ்டனில் கீறல் விழுந்திருக்கிறதா, தண்ணீர் கசிகிறதா எல்லாவற்றையும் தலைப்பகுதியைக் கழற்றாமலே பார்த்துவிடலாம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இது நடக்காது. கோளாறு தெரிந்துவிட்டால் தலைப்பகுதி, லைனர், பிஸ்டன், கனெக்டிங் ராட் எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தூக்கி எடுத்துவிட்டு, தயாராக வைத்திருக்கும் இன்னொரு கட்டை இறக்கிவிடலாம். இஞ்செக்டரும் அப்படித்தான்: பம்பும் நாசிலும் ஒரே உருப்படி, சிலிண்டருக்கு ஒன்று. உயர் அழுத்த டீசல் ஓடும் நீண்ட குழாய்களே இல்லை.

எம்-2-இல் இருப்பது 567-இன் சி வடிவம். முந்தைய வடிவங்களில் குளிரூட்டும் தண்ணீர் எஞ்சினின் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியதால் சட்டம் அரித்தது, கசிந்தது. சி வடிவத்தில் ஒவ்வொரு லைனருக்கும் தனிக்குழாயில் தண்ணீர் போகிறது. தேய்வதெல்லாம் கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள். நிலையான சட்டம் அரிப்பிலிருந்து தப்பிவிட்டது. பிறகு வந்த பெரிய 645 எஞ்சினின் சிலிண்டர் கட்டும் இதே சி சட்டத்தில் பொருந்தும்படி ஜெனரல் மோட்டார்ஸ் அளவுகளைக் காத்துவந்தது. 1979-இல் ஜெர்மனியிலிருந்து வந்த எம்-6, 1981-இல் பிரிட்டனிலிருந்து வந்த எம்-7 இரண்டிலும் அந்த 645 எஞ்சின்தான். மூன்று நாடுகளில் கட்டிய மூன்று வகை வண்டிகளுக்கும் உள்ளே ஒரே குடும்பத்து எஞ்சின் அமைந்தது இலங்கையின் நல்வாய்ப்பு.

இந்த எஞ்சினின் உறுதிக்கு மனிடோபாவைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று மாத்தறைக்குப் போன ரயிலை இழுத்துக்கொண்டிருந்தது 591-ஆம் எண் மனிடோபா. பெரலியவில் சுனாமி அந்த ரயிலைச் சுருட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. உலக ரயில் வரலாற்றிலேயே இதுபோல் உயிர்ச்சேதம் வேறில்லை. கடல்நீரும் மணலும் புகுந்த அந்த எஞ்சினை மீட்டெடுத்து, திரும்பக் கட்டி, ஓட வைத்தார்கள். பக்கவாட்டில் அலை ஒன்றை வரைந்து பணிக்கு அனுப்பினார்கள். ஐம்பது வயது எஞ்சினை இரும்புக்கடைக்குப் போடாமல் மீட்க முடிந்ததற்கு அதன் கட்டமைப்பும் காரணம், இலங்கைப் பணிமனையின் கைகளும் காரணம்.

கைகள் மட்டும் போதாது என்பதையும் அதே நாட்டில் பார்க்கலாம். எம்-2-க்குச் சற்று முன்னால் பிரிட்டனிலிருந்து பிரஷ் பாக்னல் கம்பெனியின் எம்-1 எஞ்சின்கள் 25 வந்தன. அவற்றில் இருந்தவை மிர்லீஸ் எஞ்சின்கள். ஊழியர்கள் அதே ஊழியர்கள், இரத்மலானைப் பணிமனையும் அதேதான். எம்-1 ஒன்றுகூட இன்று அன்றாட வேலையில் இல்லை. பிரிட்டனிலும் இதே மிர்லீஸ் குடும்பத்து எஞ்சின் பொருத்திய வண்டிகளில் பின்னர் வேறு எஞ்சின் மாட்ட வேண்டிவந்தது. தாய்நாட்டிலேயே வழக்கொழிந்த எஞ்சினுக்குக் கொழும்பில் இருந்துகொண்டு உதிரிபாகம் தேடுவது எத்தனை நாளைக்கு முடியும்?

இந்தியாவின் கதை 1962-இல் பிரிகிறது. அந்த ஆண்டு இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் 2,600 குதிரைத்திறன் எஞ்சின்கள் இந்தியாவுக்கு வந்தன. ஆல்கோ செய்தது டபிள்யூ.டி.எம்.-2, ஃபோர் ஸ்ட்ரோக். ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது டபிள்யூ.டி.எம்.-4, இலங்கையின் எம்-2-க்கு அளவில் அண்ணன் முறை, அதே 567, பதினாறு சிலிண்டர். அதில் ஒரு விசேஷமான டர்போ இருந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஸ்டார்ட் ஆகும்போதே வெளியிலிருந்து காற்றை அடித்தாக வேண்டும். டர்போவோ புகை வேகமாக வந்தால்தான் சுழலும். இந்த முரணைத் தீர்க்க டர்போவைக் கிராங்கோடு பல்சக்கரத்தால் இணைத்தார்கள். சுமை குறைவாக இருக்கும்போது எஞ்சின் டர்போவைச் சுற்றும். சுமை ஏறிப் புகையின் வேகம் போதுமான அளவுக்கு வந்ததும் ஒரு கிளட்ச் விட்டுக்கொடுக்க, டர்போ தானாகச் சுழலும். எனக்குத் தெரிந்த டீசல் அமைப்புகளில் இவ்வளவு சாமர்த்தியமானது குறைவு.

ஆனாலும் டபிள்யூ.டி.எம்.-4 எழுபத்திரண்டோடு நின்றுவிட்டது. ஆல்கோ தொழில்நுட்பத்தைக் கைமாற்ற ஒப்புக்கொண்டது. இந்தியா கேட்ட வகையில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. 1964 ஜனவரியில் வாரணாசி தொழிற்சாலையிலிருந்து டபிள்யூ.டி.எம்.-2 வெளிவரத் தொடங்கியது. மொத்தத்தில் 2,600-க்கும் மேல். எந்த எஞ்சின் சிறந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகு எழவில்லை. வரைபடம் யார் கையில் இருக்கிறதோ அந்த எஞ்சின்தான் சிறந்தது என்று அன்றைய இந்தியா முடிவெடுத்தது. என் கணக்கில் அது சரியான முடிவு. 1969-இல் ஆல்கோ ரயில் எஞ்சின் செய்வதையே நிறுத்திவிட்டது. வரைபடம் கையில் இல்லாமல் இருந்திருந்தால் இந்தியாவின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

டபிள்யூ.டி.எம்.-2-இல் இருந்த ஆல்கோ 251 எஞ்சினின் குணம் 567-க்கு நேர் எதிர். டீசலைக் குறைவாகக் குடிக்கும். புளோயரைச் சுழற்றும் சுமை அதற்கு இல்லை. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று வரை போகும். டர்போ முழுக்க முழுக்கப் புகையை நம்பியது என்பதால், ஓட்டுநர் நாட்சை, அதாவது வேகப்படியை, கூட்டியதும் டீசல் முன்னே போய்விடும், காற்று பின்தங்கும். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது வானத்தை மறைக்கும் அந்தக் கரும்புகை அப்படி வந்ததுதான். தமிழ்நாட்டில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரயில் ஏறியவர்களுக்கு அது மறக்காது. மீட்டர்கேஜில் ராமேஸ்வரம் போனவர்கள் பார்த்ததும் இதே குடும்பம்தான்: ஆறு சிலிண்டர் ஆல்கோ, ஒய்.டி.எம்.-4. பாம்பன் பாலத்தில் ஊர்ந்துபோகும் அந்த எஞ்சினின் தாளம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஷெட்டில் ஆல்கோவுக்கு வேலை அதிகம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பம்பு, அங்கிருந்து நாசிலுக்கு உயர் அழுத்தக் குழாய். ரிங்கைப் பார்க்கத் தலைப்பகுதியைத் தூக்கியாக வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் நிறுத்திய எஞ்சினைத் திரும்பக் கிளப்பும் தொல்லைக்குப் பயந்து, மணிக்கணக்கில் ஓடவிட்டே வைத்திருப்பார்கள். ஆனால் பொன்மலை ஷெட்டில் ஒரு பாகம் இல்லையென்றால் ஈரோடு ஷெட்டில் இருக்கும். அங்கும் இல்லையென்றால் வாரணாசியில் செய்வார்கள். ஒரு ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறும்வரை ஒரே எஞ்சினைக் கழற்றி மாட்டியிருப்பார். பஞ்சாபின் பாட்டியாலாவில் பழைய டபிள்யூ.டி.எம்.-2-ஐப் பிரித்து 3,100 குதிரைத்திறனுக்கு உயர்த்தித் திரும்பக் கட்டினார்கள். அந்தப் பெருங்கூட்டத்தில் எழுபத்திரண்டு டபிள்யூ.டி.எம்.-4 அநாதைகள் போல ஆயின. ஹவுரா–டெல்லி ராஜதானியை 1969-இல் முதன்முதலில் இழுத்த வகை அது. நன்றாகத்தான் ஓடியது. இருந்தும் இந்தியாவில் அது பிழைக்கவில்லை. அதன் தம்பி இலங்கையில் பிழைத்துக்கொண்டது.

இலங்கை எல்லாவற்றையும் இப்படிப் பேணியது என்று சொல்ல முடியாது. கடனோ உதவியோ எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டு எஞ்சின் என்பதே அங்கே வாங்கும் முறையாக இருந்தது. ஜெர்மனியின் ஹைட்ராலிக் எஞ்சின்கள், 1975-இல் மான்ட்ரியாலின் எம்-4, 1979-இல் ஜப்பானின் எம்-5, 2000-இல் பிரான்சின் எம்-9 என்று வகைக்குச் சில. எம்-5-க்கு முதலில் இருந்த எஞ்சினை எடுத்துவிட்டு வேறு வேறு கம்பெனி எஞ்சின்களை மாட்டிப் பார்த்தார்கள். வகைக்கு ஒரு தனி உதிரிபாக அலமாரி, தனிப் பயிற்சி. சின்ன ரயில்வேக்கு இது பெரும் பாரம்.

இந்தியாவின் குறை இன்னொரு பக்கம். இங்கே டீசல் எஞ்சினுக்கு 36 ஆண்டு ஆயுள் என்று விதி வகுத்திருக்கிறார்கள். அகலப்பாதை ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்டதால் அந்த வயதை எட்டாதவைகூட வேலையில்லாமல் நிற்கின்றன. வாரணாசி தொழிற்சாலை மின்சார எஞ்சினுக்கு மாறிப் பெயரையும் மாற்றிக்கொண்டது. ஆல்கோ டீசல் இரண்டைச் சேர்த்து மின்சார எஞ்சினாக்கிய சோதனையும் நடந்தது. இடையில், ஒரு காலத்தில் மறுத்த ஜெனரல் மோட்டார்ஸே தொழில்நுட்பத்தைத் தர, 1999 முதல் டூ ஸ்ட்ரோக் 710 எஞ்சின் இந்தியாவுக்குத் திரும்ப வந்து சரக்கு ரயில்களை இழுத்தது. மின்மயம் நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. அறுபதாண்டுக் கைப்பழக்கம் ஒரு தலைமுறை ஓய்வு பெறுவதோடு போய்விடுகிறதே என்பதுதான் என் கவலை.

அந்தக் கைப்பழக்கம் இந்தியாவுக்கு இனித் தேவைப்படாமல் போகலாம். இலங்கைக்குத் தேவைப்படும். மான்ட்ரியாலிலிருந்து வந்த எம்-4-இல் இருப்பது ஆல்கோ 251. 1996-இல் இந்தியா விற்ற எம்-8-இலும் அதுதான். 2012-இல் வந்த எம்-10, அதன்பின் வந்த எம்-11 இரண்டும் இந்தியா செய்தவை, அவற்றிலும் அதே குடும்பத்து எஞ்சின். தான் கைவிட்டுக்கொண்டிருந்த ஓர் எஞ்சினை அண்டை நாட்டுக்குப் புதிதாகச் செய்து விற்றிருக்கிறது இந்தியா. இந்திய ஷெட்களில் நிற்கும் ஆல்கோக்களை இரும்பு விலைக்கு ஏலம் விடும் முன் ஹெட், பிஸ்டன், டர்போ, பம்பு என நல்ல நிலையில் உள்ளவற்றைக் கழற்றி இலங்கைக்காக ஒதுக்கி வைக்க வேண்டும். பொன்மலையிலும் ஈரோட்டிலும் ஆல்கோவை அறிந்த ஃபிட்டர்கள் ஓய்வு பெறும் முன்பு இரத்மலானை இளைஞர்களை அவர்களிடம் பயிற்சிக்கு அனுப்ப இரு ரயில்வேகளும் ஏற்பாடு செய்ய வேண்டும். எம்-11-க்கு இன்னும் முப்பது ஆண்டு உதிரிபாகம் தருவோம் என்று இந்திய ரயில்வே எழுத்தில் கொடுக்க வேண்டும். கொழும்பு அதைக் கேட்டு வாங்க வேண்டும்.