நாடகக் குழுவில் பெண்டிர்க்கு இடம்

அவ்வை தி. க. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலைப் பாட்டுக்காகவும் வேடச் சிறப்புக்காகவும் போற்றுவோர் பலர். அதனை ஒரு தொழிலிடத்தின் வரலாறாகப் படிப்போர் சிலரே. அங்ஙனம் படித்தால் வேறு சில கேள்விகள் எழுகின்றன.

1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சண்முகம் ஆறு வயதிலேயே தம் உடன்பிறந்தாருடன் அதிற் சேர்ந்தார். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் அனைத்தும் சிறுவர்க்கே. பாடம் பிசகாத பயிற்சியும், வேளைதோறும் ஒழுங்கும் அங்கு இருந்தன, அதை மறுப்பதற்கில்லை. பெரிய நடிகர்கள் சொற்படி நில்லாமையால் சிறுவரைக் கொண்டு ஒழுங்கை நிலைநாட்டினர் என்பர். ஆனால் அந்த ஒழுங்குக்கு விலை கொடுத்தவர் யார்? வெளியே நிறுத்தப்பட்ட பெண்டிர் ஒருபுறம். குரல் உடைந்தவுடன் ஸ்திரீபார்ட்டை இழந்த பையன் மறுபுறம். பெண் வேடம் தாங்கிய ஆண்மக்களின் திறமையை வியக்கும் நம் திறனாய்வாளர், இவ்விரண்டையும் கணக்கில் எடுப்பதில்லை.

'காலம் அத்தகையது' என்று விடை கூறுவர். அது பொருந்தாது. பால சபைக்கு முன்னரே கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள், பெண்களே எல்லா வேடமும் தாங்கும் குழுவை நடத்தினார். அந்நாடகத்திற்கெனச் சிறப்பு ரயில்களும் விடப்பட்டன. நம் பினாங்கையே பாருங்கள். 1885இல் மாமாக் புஷி இங்குத் தொடங்கிய பங்சாவான் குழுவின் வழிவந்த குழுக்களில், மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் யுரேசியரும் ஒன்றாக உழைத்தனர். தலைமை நடிகை 'ஸ்ரீ பங்கோங்' எனப் பட்டம் பெற்றாள்.

(வேடம் பங்கிடுவதில் இனமும் பாலும் மட்டுமா குறுக்கிடும்? நான் சிறுவனாயிருந்த காலத்தில் தோட்டத்துத் திருவிழா நாடகங்களில் கிராணியார் வீட்டுப் பிள்ளைக்கே கிரீடம்; பால்மரம் வெட்டுவோர் பிள்ளை ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.)

எனினும் கதவைத் திறந்துவிட்டாற் போதும் என்பதும் முழு உண்மையன்று. ஸ்பெஷல் நாடகத்தில் பெண்கள் வந்துவிட்டனர். கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் இணைந்து நடித்த மேடை அது. ஆயினும் மதுரை நடிகையரிடையே தங்கி ஆராய்ந்த சூசன் சைஸர் 2005இல் வெளியிட்ட நூல் வேறொன்றைக் காட்டுகிறது. விடிய விடிய ஆடும் நடிகை, 'மானமுள்ளவள்' எனப் பெயரெடுக்க, பயணத்திலும் ஊர்ப்புறத்திலும் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேடையில் இடம் உண்டு. மேடைக்குச் செல்லும் வழியில் இல்லை. பாதுகாப்பான வண்டி, உடை மாற்றத் தனி அறை, குறித்த கூலி ஆகியவை கலைக்குப் புறம்பான செய்திகள் என்று ஒதுக்கத்தக்கன அல்ல.

இவ்வகையில் காஞ்சிபுரத்துக்கு அருகே 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தின் முயற்சியைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். ஆடவர்க்கே உரியதாயிருந்த கூத்தை பி. இராஜகோபால் அவர்கள் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் ஒருங்கே பயிற்றினார். பள்ளிப் பாடமும் உடன் நடந்தது. பால சபையில் இவ்வாறு கல்வியும் கலையும் இணைந்திருப்பின் எத்தனை பிள்ளைகளின் வாழ்வு வேறாகியிருக்கும்! குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அங்குப் பயின்ற பெண்கள் திரௌபதியோடு நின்றுவிடாமல், கிரீடமும் புஜக்கட்டையும் பூண்டு ஆண் வேடங்களையும் ஆடினர்.