ஒரு வரியின் இடைவெளி: எரிக் கில்லின் அச்சுக்கலை நோக்குப் பற்றி

அச்சுவரிகளின் நேரான வலப்புற ஓரத்தை நாம் இயல்பானதெனக் கொள்கிறோம். உண்மையில் அஃது உழைப்பின் விளைவு. எழுத்துக்கள் நிரப்பாது விட்ட மிச்ச அகலத்தை அச்சுக்கோப்பாளர் ஈயத்துண்டுகளால் சொற்களிடையே பகிர்ந்தார். 1886இல் நியூயோர்க் ரிபியூன் நாளேட்டில் பயன்பாட்டுக்கு வந்த லைனோரைப் பொறி அப்பணியைத் தன்வயமாக்கியது. இடைவெளி வரிக்கு வரி வேறுபடுதல் நீங்கவில்லை. அதனைக் கண்டு திருத்தும் மனிதத் தீர்ப்பே அருகியது.

ஆங்கிலச் சிற்பியும் எழுத்துவடிவமைப்பாளருமான எரிக் கில், 1931இல் வெளியிட்ட அச்சுக்கலை நூலில், ஓரத்தை நேராக்காது சொல்லிடைவெளியின் சமநிலையைப் பேணினார். தோற்றத்தினும் வாசிப்பை மேலாக வைத்த அத்துணிவு போற்றத்தக்கது. ஆயினும், கைவினையையும் பொறித்தொழிலையும் இரு தனியுலகங்களாக அவர் வகுத்தமை, பொறியை இயக்கும் தொழிலாளருக்கு அத்தீர்ப்புரிமையை மறுப்பதாகவே முடிந்தது.

புணர்ச்சியால் சொற்கள் நீளும் தமிழிலே குறுகிய பத்தியின் வரியொன்றில் இரண்டு மூன்று இடைவெளிகளே அமையும். மிச்ச அகலம் முழுவதும் அவற்றிற் குவியும். இன்று கணினி அதனைக் கணிக்கின்றது. எனினும், சமமாக்க வேண்டியது ஓரத்தையா, இடைவெளியையா என்பது வெறும் பொறிநுட்ப வினாவன்று. அச்சு எவர்பொருட்டு என்பதே அதன் உட்கிடை. அதற்கு விடைகூறும் உரிமை வாசகருக்கும் வரியைக் கோப்பவருக்கும் உரியதாதல் வேண்டும்.