உழைப்பவரைப் பகைத்த புரட்சி

தமிழகத்துச் சிற்றூர்களில் கங்காணிகள் திரட்டிய ஏழை மக்கள் இரு திசைகளில் சென்றனர். மண்டபம் வழியே சென்றோர் இலங்கை மலைநாட்டில் தேயிலைக் கொழுந்து கொய்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறியோர் மலாயாவில் காடழித்துப் பால் வெட்டினர். ஆதலின், இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு, சுங்கை ஊடாங் வட்டாரத்துத் தோட்டப் பரம்பரையில் வந்த மாணவனுக்கு அயலார் கதையன்று. உடன்பிறந்தார் கதையே ஆகும். அக்கதையில், ஏழைகளின் காவலர் எனத் தம்மைக் கூறிக்கொண்டோரே ஏழைகளைப் பகைத்த பகுதி ஒன்று உண்டு. அது ஆய்ந்து நோக்கத்தக்கது.

இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொடக்கம் போற்றுதற்குரியது. 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி தோட்டத் தொழிலாளரிடையே சங்கம் வளர்த்தது. 1940இல் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி காவலரின் குண்டுக்குப் பலியானபோது அக்கட்சியே உடன்நின்றது. 1948இல் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கிய வேளையிலும், அதனை எதிர்த்து அது குரல் எழுப்பிற்று.

அக்குரல் நிலைக்கவில்லை. 1964இல் அக்கட்சி ஆட்சிக் கூட்டணியில் அமர்ந்தது. பின்னர் எதிர்க்கட்சியாக இருந்தபோது, 1966 ஜனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிரான கிளர்ச்சியில் பங்கு கொண்டது. வாக்குகளின் மீது பிறந்த ஆசை கொள்கையை வென்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதனினும் கொடிது அடுத்து வந்தது. 1965இல் ரோகண விஜேவீர தொடங்கிய மக்கள் விடுதலை முன்னணி, தன் இளைஞர்களுக்கு ஐந்து வகுப்புகள் நடத்தியது. அவற்றுள் ஒன்றன் பொருள் ‘இந்திய விரிவாதிக்கம்’. அதன் வாதம் மூன்று படிகளாக அமைந்தது. இந்திய முதலாளிகளும் அரசும் இலங்கையை அடக்க விழைகின்றனர் என்பது முதற்படி. தோட்டத் தொழிலாளர் இந்தியாவினின்று வந்தவர் என்பது இரண்டாம் படி. ஆகவே அவர்கள் இந்திய ஆதிக்கத்தின் கருவிகள் என்பது மூன்றாம் படி.

முதற்படி விவாதத்திற்கு உரியது. இரண்டாம் படி வரலாற்று உண்மை. மூன்றாம் படியோ இவ்விரண்டினின்றும் பிறவாத கற்பனை. குடியிருந்த லயத்து அறையும் சொந்தமில்லாத ஒரு பெண், கொழுந்துக் கூடையைச் சுமந்து கொண்டே ஒரு வல்லரசின் கையாளாகவும் இருத்தல் எங்ஙனம்? 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்யப்படுவர் என்று பங்கிட்டது. அம்மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. கருவியை ஏந்தியவன் அதனைப் பேரம் பேசிப் பங்கிடுவானா? இருநாடுகளாலும் கைவிடப்பட்டவரை ஒரு நாட்டின் ஒற்றர் என்றது அவ்வகுப்பு. வர்க்கத்தை அளவுகோலாகக் கொண்டோர், உண்மைப் பாட்டாளியைக் கண்டவுடன் அக்கோலை எறிந்துவிட்டுப் பிறப்பைக் கையில் எடுத்தனர்.

இந்நோய் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய இடதுசாரிகளுள் சிலர், முதலாளித்துவத்தின் மீது கொண்ட சினத்தை யூத மக்களின்மேல் திருப்பினர். 1953 ஜனவரியில் சோவியத் அரசு மருத்துவர் பலர்மேல் சதிக்குற்றம் சாட்டியது. அவருள் பெரும்பாலோர் யூதர். ஸ்டாலின் மறைந்தபின், ஏப்ரலில், அக்குற்றச்சாட்டு பொய்யென்று சோவியத் அரசே ஒப்புக்கொண்டது. 1968இல் போலந்துப் பொதுவுடைமை அரசு யூதர்க்குச் ‘சியோனியர்’ என முத்திரையிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 13,000 பேர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். 2020 அக்டோபரில் பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம், யூதர்க்கு இழைக்கப்பட்ட தொல்லைக்கும் பாகுபாட்டிற்கும் தொழிற்கட்சி சட்டப்படி பொறுப்பாகும் எனக் கண்டது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அரசுகளைக் கண்டித்தல் தவறா? தவறன்று. பாலஸ்தீனியர் படும் துயரத்திற்காக இஸ்ரேல் அரசைக் கண்டிப்பது யூதப் பகைமை ஆகாது. புதுடில்லியின் கொள்கையைக் கண்டிப்பது தமிழ்ப் பகைமை ஆகாது. அரசின் செயலுக்காக, அதனோடு குருதித் தொடர்போ சமயத் தொடர்போ உடையவர் என்ற ஒரே காரணத்தால், எளிய மக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போதுதான் கண்டனம் காழ்ப்பாகின்றது. எல்லைக்கோடு இதுவே.

அக்கோட்டைத் தாண்டியவர் அங்கேயே நிற்பதில்லை. 1971 ஏப்ரலில் ஆயுதம் ஏந்தி வீழ்ந்த அவ்வியக்கம், 1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைக் காரணங்காட்டி மீண்டும் ஆயுதம் ஏந்தியது. இம்முறை ஒப்பந்தத்தை ஏற்ற சிங்கள இடதுசாரிகளையும் துரோகிகள் எனக் கொன்றது. அரசும் பன்மடங்கு கொடுமையாக எதிரடி கொடுத்தது; 1989 நவம்பரில் விஜேவீர காவலில் கொல்லப்பட்டார். துரோகி என்னும் சொல்லைப் பிறர்மேல் வீசப் பழகிய கை, முடிவில் தோழன்மேலும் அதனை வீசும் என்பது தெளிவு.

இடதுசாரியம் முழுவதையும் இதனால் பழித்தல் நேர்மையாகாது. விஜேவீர விலகிவந்த கட்சியின் தலைவர் நா. சண்முகதாசன் தமிழர், அவருடைய இயக்கம் தோட்டங்களில் செங்கொடிச் சங்கம் கண்டது. காலமும் மாறியுள்ளது. 2024இல் மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க இலங்கையின் அதிபரானார். அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் அவர் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி நுவரெலியாவிலும் யாழ்ப்பாணத்திலும் வென்றது. ஒருகாலத்தில் ஐயுறப்பட்ட மக்களே வாக்களித்து வாய்ப்பளித்துள்ளனர். அப்பெருந்தன்மைக்குரிய விடை, பழைய வகுப்பின் பிழையை மறைப்பதன்று. அதனை வெளிப்படையாக உரைத்தலும், லயத்தில் வாழ்வோர்க்கு நிலமும் வீடும் வழங்கலுமே ஆகும்.

விஜேவீரவின் வகுப்பில் அமர்ந்திருந்தவர் இளைஞர். பலர் ஏழைவீட்டுப் பிள்ளைகள். நீதியின்மேல் அவர்கள் கொண்ட வேட்கை மெய்யானது. அவ்வேட்கைக்கு ஊட்டப்பட்ட பாடமே நஞ்சாயிற்று. எச்சொல்லையும் ஆராய்ந்து உண்மை தெளியச் சொன்ன வள்ளுவரைக் கற்பிக்கும் தமிழாசிரியர், புரட்சியின் பெயரால் வரும் சொல்லையும் அவ்வாறே ஆராயக் கற்பித்தல் கடமை. ‘இவ்வாதம் யாரைக் குற்றவாளியாக்குகிறது? செயலுக்காகவா, பிறப்புக்காகவா?’ இவ்விரு வினாக்களைக் கேட்கத் தெரிந்த மாணவனை எந்த வகுப்பும் எளிதில் ஏமாற்றாது.