ஈக் கவிதையின் கடைசிக் கோடு

சென்ற ஆண்டு எமிலி டிக்கின்சனின் மூன்று கவிதைகளைத் தமிழாக்கி ஓர் இதழுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "நல்லா இருக்கு. ஆனா இவ்வளவு டேஷ் இருக்கே, ஏஐ போட்டதா?" சுருக்கென்றது. ஒவ்வொரு கோட்டையும் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 0151 என்று தட்டிப் போட்டவன் நான்.

ஆனாலும் சண்டை போடவில்லை. கோடுகளை எடுத்துவிட்டு காற்புள்ளி, முற்றுப்புள்ளி போட்டு அனுப்பினேன். வெளியானது. பாராட்டுகூட வந்தது.

இந்த வேலையை எனக்கு முன்பே செய்துவிட்டார்கள். டிக்கின்சன் 1886ல் இறந்தார். 1890ல் மேபல் லூமிஸ் டாடும் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சனும் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தபோது, அக்கால வாசகருக்கு உறுத்தாதபடி அவருடைய நிறுத்தக்குறிகளைச் சீர்திருத்தினார்கள். 1955ல் தாமஸ் ஜான்சனின் பதிப்பு வந்த பிறகுதான் கோடுகள் பரவலாகத் திரும்பின.

போனால் என்ன என்று கேட்கலாம். நான் மொழிபெயர்த்ததில் ஒன்று, ஈயின் ரீங்காரத்தைக் கேட்டபடி இறந்தவர் பேசும் கவிதை. கையெழுத்துப் பிரதியில் அது கோட்டில் முடிகிறது. 1896ல் அச்சானபோது அங்கே முற்றுப்புள்ளி. புள்ளி வைத்தால் ஆள் செத்துவிட்டார், கதை முடிந்தது. கோடு இருந்தால் பேச்சு பாதியில் அறுந்து நிற்கிறது. அடுத்து என்ன இருக்கிறதென்று நமக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் கவிதை. அதைத்தான் நான் துடைத்து அனுப்பியிருக்கிறேன்.

என் பொறியாளர் புத்தியையும் ஒப்புக்கொள்ள வேண்டும். யூனிகோடில் ஹைஃபன்-மைனஸ், என் டேஷ் ('என்' ஆங்கில எழுத்து, என்னுடையது என்று பொருளில்லை), எம் டேஷ் எல்லாம் தனித்தனிக் குறிகள். ஹைஃபன் சொற்களைச் சேர்க்கும், டேஷ் பிரிக்கும். கவிதையில் ஹைஃபனைத் தட்டுபவர்களை நக்கலடித்திருக்கிறேன். பிறகு பார்த்தால், ரால்ஃப் ஃப்ராங்க்ளினின் 1998 பதிப்பு இருபுறமும் இடைவெளி விட்ட ஹைஃபனைத்தான் போடுகிறது! பிரதிகளில் சில கோடுகள் புள்ளியளவுக்குக் குட்டை, சில மேல்நோக்கிச் சாய்ந்தவை, சில கீழ்நோக்கி. எந்த விசையிலும் அது கிடையாது. என் 0151ம் ஒரு ஊகம்தான்.

ஊகமாக இருந்தாலும், வாசகரை அங்கே ஒரு கணம் நிறுத்தும் என்று நம்பியிருந்தேன். இன்றைய வாசகர் நிற்பதில்லை. கோட்டைப் பார்த்ததும் எழுதியது யாரென்று துப்பறியப் போய்விடுகிறார். நானும் அப்படிப் பிறர் கட்டுரைகளைப் பாதியில் மூடியிருக்கிறேன்.

அந்த மூன்று கவிதைகளையும் இப்போது மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ஈக் கவிதையின் கடைசியில் கோடு இருக்கும். எவ்வளவு நீளம் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.